மச்சான் பிடித்த கயிறு

முகக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் முதலில் பட்டையைத்தான் இழுத்துப் பார்க்கிறார்கள். அது தேவையில்லை, ஐயா. பட்டையை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் அது உங்களுக்குப் பொருந்தும். விழுந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். இந்தத் தீவில் ஹேடோ பக்கம் கடை போட்ட நாளிலிருந்து, சிப்பி எடுக்கக் கடலில் இறங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிவருகிறேன்.

கண்ணாடியைச் சொந்தமாக வாங்குவது நல்லது. ஈய பெல்ட்டை வாடகைக்கு எடுத்தால் போதும். ஆள் சீக்கிரம் அடிக்குப் போவதற்காக இடுப்பில் கட்டுகிற கனம்தான் அது. அதில் பக்கிளை மட்டும் பாருங்கள். ஒரே இழுப்பில் கழன்று விழ வேண்டும். என் கடையில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. சிவஞானத்துக்கு நான் கொடுத்தது வேறு.

சிவஞானம் என் தங்கை மரகதத்தின் கணவன். தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்தவனை இங்கே வரவழைத்துக் கட்டிவைத்தவனே நான்தான். அம்மா போன பிறகு அவளைத் தோளில் போட்டு வளர்த்தேன். அவளுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் என்னடாவென்றால், தாயாருக்கு முடியவில்லை, மரகதத்தோடு கடல் தாண்டி மெயின்லேண்டுக்கே போய்விடப்போகிறேன் என்றான். கப்பலில் இடமும் போட்டுவிட்டான். போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருவதாகத்தான் சொல்வார்கள். சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு கடை, அதற்குள் நான் மட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். நீங்களும் நினைத்துப் பாருங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக நாலு நல்ல சங்கு வேண்டும் என்று அவனேதான் வந்து கேட்டான்.

"பக்கிள் வெச்ச பெல்ட்டு இல்லியா மச்சான்?"

"எல்லாத்தையும் பாராடாங் தீவு பார்ட்டி எடுத்துட்டுப் போயிட்டான் மாப்ள. இதக் கட்டிக்கிடுங்க."

"டீக் ஹை, இருக்கட்டும். கயிறு பிடிக்கது நீங்கதான, பெறவென்ன?"

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் குளிக்கிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பது மனைவியின் உடன்பிறந்தவன்தான். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் துணியமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. நல்ல பழக்கம்.

படகுத் துறையில் வைத்து நானே பெல்ட்டைக் கட்டிவிட்டேன். பக்கிளுக்குப் பதில் புது நூல்கயிறு. நனைந்தால் முடிச்சு இறுகிவிடும், நகத்தால் அவிழ்க்க முடியாது. ஈயமும் கொஞ்சம் கூடுதலாகவே கோத்திருந்தேன். மரகதம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாங்கள் இருவர் மட்டும் படகில் போனோம்.

கீழிருந்து கயிற்றைச் சுண்டினால் மேலே தூக்கு என்று பொருள். அவன் சுண்டினான். நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். பலமாகச் சுண்டினான். இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். அப்புறம் கயிற்றைப் பற்றி ஏறிவரப் பார்த்திருக்க வேண்டும், வேகவேகமாக இழுத்தான். இழுத்த அளவுக்கெல்லாம் கொடுத்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. எல்லாம் அடங்கியபின் பதனமாகத்தான் தூக்கினேன், பாறையில் முகம் இடித்துவிடக் கூடாதே என்று. முடிச்சை அறுத்து பெல்ட்டைக் கடலில் போட்டேன்.

விபத்து என்று நீங்களும் எழுதி முடித்துவிட்டீர்கள். இப்போது எதற்கு வந்து சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். மரகதம் இனி என்னோடுதான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். நேற்று பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, "அவுக அம்மாவுக்கு இனி யாருண்ணே இருக்கா? நான் போறேன்" என்கிறாள். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அவள் அழக்கூட இல்லை.

அந்த முடிச்சை நான் போட்டதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கொலை வழக்கில் அப்படிப்பட்ட சாட்சியைத் தீவைவிட்டு அனுப்ப மாட்டீர்கள் அல்லவா? ஜெயிலும் இங்கேயேதான் இருக்கிறது, எனக்குச் சோறு கொண்டுவர அவளுக்கு அலைச்சல் இல்லை.

சிவஞானத்தைக் கொன்றது நான்தான். சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கப்பல் காலையில் புறப்படுகிறது.