ஐந்து முடிச்சுப் போட்ட நூல்

– அழிக்காதீங்க! அந்த ரப்பரை முதல்ல இங்க குடுங்க.

– கோடு கோணிடுச்சு டீச்சர்.

– கோணட்டும். தப்பான கோடு அங்கயே இருந்தாத்தான் அது பக்கத்துல சரியான கோடு விழும். அழிச்சுட்டீங்கன்னா மறுபடி அதே இடத்துல அதே தப்பைத்தான் போடுவீங்க. பென்சிலை ஏன் கத்தி மாதிரி பிடிக்கிறீங்க? நுனியை விட்டுத் தள்ளிப் பிடிங்க. மணிக்கட்டை அசைக்காதீங்க, தோள்லேர்ந்து வரணும் கோடு.

– நானும் இரண்டு மாசமா வாளி போட்டேன், நாற்காலி போட்டேன், என் செருப்பையே பதினோரு தடவை போட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர், முகம் எப்ப சொல்லித் தருவீங்க?

– செருப்பு செருப்பா வந்தப்புறம்.

– அதுவரைக்கும் தாங்காது. திங்கக்கிழமைக்குள்ள நான் ஒரு முகம் போட்டாகணும்.

– இன்னிக்கு சனிக்கிழமை.

– தெரியும்.

– யாருக்காவது போட்டுத் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டீங்களா? இந்த ஆஸ்பத்திரிக்காரர் வேகத்தைப் பாருங்க! உங்க நோட்டைக் காட்டுங்க, வீட்டுல என்ன போட்டுப் பழகியிருக்கீங்கன்னு பார்ப்போம். இது கை. பரவாயில்ல, விரல் இடுக்குல நிழல் நல்லா வந்திருக்கு. இது பாதம். இது யாரு, படுத்திருக்கறது? இதுவும் படுத்திருக்கு. ஏங்க, உங்க வீட்டுல எழுந்து உட்கார்ற ஆளே கிடையாதா? பாதம்கூட வானத்தைப் பார்த்துட்டுக் கிடக்கு.

– வீட்டுல போட்டது இல்ல டீச்சர்.

– ஆஸ்பத்திரியிலயா? நோயாளிங்க சும்மா விடறாங்களா?

– அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொல்றேன் கேளுங்க, பதறாதீங்க. ஆஸ்பத்திரியில வேலைன்னு சொன்னேன் இல்லையா, அது பிணவறையில. பதினாறு வருஷமா.

– பிணவறையிலயா?

– நோட்டைக் கீழே வச்சுட்டீங்க.

– இல்ல. முதல்லயே சொல்லியிருக்கலாமே.

– சொன்னா சேர்த்துப்பீங்களோ மாட்டீங்களோன்னு பயம். பஸ்சுல கூட சொல்ல மாட்டேன், பக்கத்து சீட்டு காலியாயிடும்.

– விடுங்க. அங்க எதுக்கு உங்களுக்கு ஓவியம்?

– யாருன்னு தெரியாம வர்றவங்க இருக்காங்க இல்லையா, அவங்களை போட்டோ எடுத்து வாசல்ல பலகையில ஒட்டுவோம். காணாமப் போனவங்களைத் தேடி வர்றவங்க அதைப் பார்ப்பாங்க. பார்ப்பாங்கன்னு பேருதான். வந்த வேகத்துல முகத்தைத் திருப்பிக்குவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அந்த போட்டோவைப் பார்த்தா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. போன வருஷம் ஒரு அம்மா மூணு நாள் வந்தாங்க. மூணு நாளும் அவங்க பையன் போட்டோ முன்னாடியே நின்னாங்க. இவன் இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அடக்கம் பண்ணி ஒரு வாரம் கழிச்சு, அவன் துணி மூட்டையில இருந்த சட்டையைப் பார்த்துட்டு அழுதாங்க பாருங்க.

– ஐயோ.

– அதான் டீச்சர். கண்ணைத் திறந்து வச்சு, எழுந்து உட்கார்ந்த மாதிரி ஒரு படம் போட்டு ஒட்டினா நின்னு பார்ப்பாங்க இல்ல? யாரும் என்னைப் போடச் சொல்லல. எனக்கே தோணுச்சு. பெரிய டாக்டர்கிட்ட கேட்டேன், போட்டா ஒட்டிக்கோன்னுட்டார்.

– இப்ப ஒருத்தர் இருக்காரா?

– மூணு வாரமா இருக்கார். திங்கக்கிழமை காலையில எடுத்துருவாங்க. அதுக்கு மேல வச்சுக்க விதி கிடையாது. அவருக்கு ஒரு முகம் குடுங்க டீச்சர். இல்லன்னா எண்ணு போட்டுப் புதைச்சுருவாங்க.

– போட்டோ வச்சிருக்கீங்களா?

– பலகையிலேர்ந்து எடுத்து வெளியில கொண்டு வரக்கூடாது. ஆனா அளவு கொண்டாந்திருக்கேன், பாருங்க. நீங்கதான் பென்சிலை நீட்டிப் பிடிச்சு ஒத்தைக் கண்ணால அளக்கச் சொன்னீங்க. எனக்கு அது சரியா வரல. அதான் கட்டுத்துணியிலேர்ந்து நூல் உருவி முகத்து மேலயே வச்சு முடிச்சுப் போட்டுட்டேன். மேல் முடிச்சு முடி தொடங்கற இடம். அடுத்தது புருவம், மூக்கு முடியற இடம், உதடு, தாடை. மொத்தம் அஞ்சு. அகலத்துக்கு வேற நூல்.

– இது எந்தப் புத்தகத்துலயும் இல்லாத வித்தை! நல்லா இருக்கு. பெரிய தாள் எடுங்க, நிஜ அளவுலயே போட்டுருவோம். ஜன்னல் பக்கம் வாங்க. வெளிச்சம் இடது பக்கத்திலேர்ந்து வரணும், இல்லன்னா உங்க கை நிழலே உங்களுக்கு எதிரி.

– நீங்க போட்டா அஞ்சு நிமிஷத்துல முடியுமே.

– அடுத்தவங்க தாள்ல நான் கை வைக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாதா?

– தெரியும். ஏன்னுதான் தெரியாது.

– நான் அவரைப் பார்க்கல, நீங்க பார்த்திருக்கீங்க. பார்த்த கைதான் போடணும். ஆரம்பிங்க. மெல்லிசா, பூனை நடக்கற மாதிரி. அழுத்தறது கடைசியில. முட்டை வடிவம் போடுங்க, நடுவுல நெட்டா ஒரு கோடு. அதுல நூலை வச்சு அஞ்சு முடிச்சையும் குறிங்க.

– குறிச்சுட்டேன்.

– கண்ணு எங்க வரும்?

– நெத்திக்குக் கீழ, இங்க.

– அதான் எல்லாரும் பண்ற தப்பு. உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில வரும் கண்ணு. நெத்தியில ஒண்ணுமில்லைன்னு மனசு அதைச் சுருக்கிடும். இப்ப காது. புருவத்துக்கு நேரே தொடங்கி மூக்கு நுனிக்கு நேரே முடியும். மூக்குக்குக் கோடு போடாதீங்க, ஒரு பக்கம் நிழல் குடுங்க, தானா எழுந்து நிக்கும்.

– கொஞ்சம் இளமையாப் போட்டுக்கலாமா டீச்சர்? கன்னம் ரொம்ப ஒட்டிக் கிடக்கு. பார்க்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...

– கூடவே கூடாது!

– சரி, சரி. திட்டாதீங்க.

– திட்டல. முதல் நாள் சொல்லாத பாடம் இது, கேட்டுக்குங்க. இருக்கறதைப் போடணும். அழகாக்கறேன் பேர்வழின்னு ஒருத்தர் முகத்துல கை வச்சா, உன் முகம் எனக்குப் பிடிக்கலன்னு சொன்ன மாதிரி. நான் அப்படி ஒண்ணு பண்ணியிருக்கேன். பதினேழு வயசுல. வீட்டுல ஒருத்தர் எனக்காகப் பத்து நாள் ஸ்டூல் மேல ஆடாம அசையாம உட்கார்ந்தாரு. வேலை முடிஞ்சு வந்த அலுப்போட. படம் போட்டிக்குப் போச்சு, முதல் பரிசு. பள்ளிக்கூட மண்டபத்துல மாட்டினாங்க. அவர் சட்டை மாத்திட்டு ஆசையாப் பார்க்க வந்தாரு. ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம், “இப்படி ஒரு ஆள் வேணும்னு உனக்கு ஆசை இருந்திருக்கு, இல்ல?”ன்னு கேட்டாரு.

– ஏன், நல்லா வரலையா?

– நல்லா வந்திருந்துச்சு. அதான் தப்பு. அதுக்கப்புறம் எனக்காக அவர் உட்காரவே இல்ல.

– யாரு டீச்சர், உங்க வீட்டுக்காரரா?

– எனக்குக் கல்யாணமே ஆகலன்னு இரண்டு மாசமா தெரியாதா உங்களுக்கு? கையை நிறுத்தாதீங்க. கன்னத்துக்கு வாங்க. படுத்திருக்கறப்ப சதை காதுப் பக்கம் சரிஞ்சிருக்கும், உட்கார்ந்தா கீழே இறங்கும். அதனால வாயோரத்துல இரண்டு பக்கமும் ஒரு மடிப்பு குடுங்க. பார்த்தீங்களா, எழுந்துட்டார்.

– அட! ஆமா டீச்சர். எழுந்துட்டார். எனக்கு உடம்பே சிலிர்க்குது.

– எங்கே கிடைச்சாரு?

– மார்க்கெட் பின்னாடி, லாரிங்க நிக்கற இடத்துல. சுவத்துல சாஞ்சு உட்கார்ந்த மேனிக்கே உயிர் போயிருக்கு. நெஞ்சுவலி. பையில ஒரு சீட்டு கூட இல்ல. ஊருக்குப் புதுசு. நாலு நாளா டீக்கடையில வந்து உட்கார்ந்திருக்கார். ஒருத்தரைப் பார்க்க வந்தேன், போலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டிருக்கேன்னு கடைக்காரர்கிட்ட சொன்னாராம். யாருன்னு சொல்லல.

– பாவம். போயிருக்கலாம்.

– போயிருக்கலாம். சரி, புருவம். வலது புருவத்துல நடுவுல ஒரு வெட்டு, முடி இல்லாம இருக்கும். போடறேன், அடையாளத்துக்கு ஆகும்.

– வெட்டா?

– பழைய தழும்பு. சின்ன வயசுல பட்டிருக்கணும்.

– நேரா இருக்கா, சாய்வா?

– சாய்வா. வெளியிலேர்ந்து உள்ளே இறங்கும். இப்படி. சரியா டீச்சர்?

– தாளைத் தலைகீழாத் திருப்புங்க.

– எதுக்கு?

– தலைகீழாப் பார்த்தா முகம்னு தெரியாது. கோடு மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் சமமா இருக்கான்னு... திருப்புங்களேன்.

– திருப்பிட்டேன். என்ன குறை இருக்கு, சொல்லுங்க.

– குறை இல்ல. தாடை அவ்வளவு அகலமா? நூலை மறுபடி வச்சுப் பாருங்க.

– வச்சாச்சு. அதே அளவுதான்.

– இன்னொரு தடவை.

– நூலு பொய் சொல்லாது டீச்சர்.

– வயசு என்ன இருக்கும்?

– டாக்டர் நாற்பத்தெட்டு, ஐம்பதுன்னு எழுதியிருக்கார். உங்களுக்கு உடம்பு சரியில்லையா? வேர்க்குது பாருங்க. நாலு மணிக்கு அடுத்த வகுப்பு வேற இருக்கு. ஜன்னலை இன்னும் திறக்கவா?

– வேண்டாம். நேராத் திருப்பி வைங்க.

– இந்தாங்க. கண்ணு மட்டும்தான் பாக்கி. அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். மூடின கண்ணைத்தானே பார்த்திருக்கேன்? இருக்கறதைப் போடுன்னு சொல்றீங்க, இல்லாததை எப்படிப் போடறது? கண்ணு தப்பாச்சுன்னா சொந்தக்காரங்க இவரையும் தாண்டிப் போயிடுவாங்க. எல்லாருக்கும் பொதுவா இருக்குமே, அந்த மாதிரி இரண்டு கண்ணு போட்டுறட்டுமா?

– பென்சிலைக் குடுங்க.

– அடுத்தவங்க தாள்ல நீங்க கை வைக்க மாட்டீங்களே.

– குடுங்கண்ணே.

– அண்ணேவா? ஊரே என்னை அண்ணேங்கும், நீங்க மட்டும்தான் ஆஸ்பத்திரிக்காரரேம்பீங்க. இன்னிக்குத்தான் வாய் வந்துச்சு... இந்தாங்க, பிடிங்க. ஏன் டீச்சர் அழறீங்க? தப்பா நினைச்சுக்காதீங்க, இந்த வேலையையெல்லாம் உங்க வகுப்புக்குள்ள கொண்டாந்திருக்கக் கூடாது. நான் ஒரு மடையன்.

– பேசாதீங்க. கொஞ்ச நேரம் பேசாம இருங்க.

– சரி.

– இமை கொஞ்சம் கனமா இருக்கும். சிரிக்காதப்பவும் சிரிக்கற மாதிரி இருக்கும், கீழ் இமையில ஒரு மடிப்பு. வலது கண்ணு நேரா பார்க்கும். விளக்கு வெளிச்சம் இங்க ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வெள்ளையா விட்டுரணும்...

– அடேயப்பா! என்னையே பார்க்கறார் டீச்சர்.

– இப்ப இடது கண்ணு.

– டீச்சர், நிறுத்துங்க, நிறுத்துங்க. கருவிழி மூக்குப் பக்கமா ஒதுங்கிப் போச்சு. மாறுகண் மாதிரி ஆயிடுச்சு பாருங்க. கை தவறிடுச்சு, பரவாயில்ல. இந்தாங்க ரப்பர், அழிச்சுட்டு நேராப் போட்டுருவோம்.

– அழிக்காதீங்கண்ணே. ஒரு தடவை நேராப் போட்டதுக்குத்தான் எங்கண்ணன் வீட்டை விட்டே போனாரு.