ஆறு குழாயும் கழன்ற பிறகு

காரணமில்லாமல் ஒரு சொட்டு டீசல்கூட இந்தப் பூமியில் எரிவதில்லை. எஞ்சின் பொய் சொல்லாது; மனிதன்தான் சொல்வான்.

இந்தப் பொன்மொழியை லாரி யார்டில் மேஜைமேல் ஏறி நின்று, அத்தனை டிரைவர்களுக்கும் கேட்கும்படி முழங்கியவர் நம் வெல்டரின் சித்தப்பா. அன்று காலைதான், பெட்ரோல் தீர்ந்துபோன தன் ஸ்கூட்டரை வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்ட வாட்ச்மேனிடம், உடற்பயிற்சி என்று சொல்லியிருந்தார்.

சிரிக்காதீர்கள். வெல்டர் இதோ உட்கார்ந்திருக்கிறான். நான் கூட்டிக் குறைத்துச் சொன்னால் அவனே திருத்தட்டும். கரண்ட் இப்போதைக்கு வராது... அந்த டார்ச்சை அணைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

அந்தப் பொன்மொழிக்கு உயிர் போன நேரம், இரவு ஒரு மணி. இடம், மலையடிவாரச் சாலையோரம் ஒரு மண் திடல். மலைப்பாதையில் ராத்திரி கனரக வண்டி ஏறக்கூடாது. அதனால் லாரிகள் அங்கே ஒதுங்கி விடியலுக்குக் காத்திருக்கும். கடை கிடையாது. விளக்கு கிடையாது. போனில் சிக்னல் ஒரு கோடு வரும்... போகும். அன்றைக்கு நின்றது ஒரே ஒரு லாரி. அதற்குள் சித்தப்பா.

தொழிலில் அவருக்கு மைலேஜ் டாக்டர் என்று பெயர். கழுத்தில் நிஜமான ஸ்டெதஸ்கோப் தொங்கும். நுனியில் மட்டும் வட்டத்துக்குப் பதில் நீளமாக ஒரு கம்பி. அதை எஞ்சின்மேல் ஊன்றுவார். கண்ணை மூடுவார். உதட்டைப் பிதுக்குவார். சுற்றி நிற்பவர்கள் மூச்சுவிடப் பயப்படுவார்கள். கடைசியில், "ஏர் ஃபில்டரை மாத்துங்க" என்பார். பத்தில் எட்டு வண்டிக்கு அதுதான் வியாதி. கூலி, கண்ணை மூடியதற்கு.

வீட்டில் ஆள் ஒண்டி. மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். மகள் தூர தேசத்தில். பேசினால் வானிலை பற்றிப் பேசுவாள். கதவைத் திறந்ததும் டிவியைப் போடுவார், பார்ப்பதற்கு அல்ல. படுத்தால் தூக்கம் வராது. அதையும் ஒரு பட்டமாக்கிக்கொண்டார். "மூளை உள்ளவனுக்குத் தூக்கம் கம்மி" என்பார். வெல்டரைப் பார்த்தால், "நீ நல்லா தூங்குவியேடா" என்று கூடச் சேர்த்துக்கொள்வார்.

அந்த யார்டில் ஒரு லாரி டாக்டரின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கு நீண்ட பழைய மாடல். மற்ற வண்டிகள் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் இது மூன்றைத் தொடாது. டாக்டர் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்தார். சுத்தம். டர்போ ஹோஸில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. பிரேக் பிடித்தபடியே உருள்கிறதோ என்று, ஓட்டி நிறுத்திய கையோடு ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே சூடு. டயரில் காற்று சரி. கடைசியில், வழக்கம்போல, ஏர் ஃபில்டரை மாற்றினார். பழையது புதியதைவிடச் சுத்தமாக இருந்தது.

எஞ்சினில் குறை இல்லை என்றால்? பொன்மொழியின் இரண்டாம் பாதி இருக்கவே இருக்கிறது.

"டிரைவர் டீசல் திருடறான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர்" என்றார் முதலாளி. "சனிக்கிழமையோட அனுப்பிடறேன்."

டிரைவருக்குக் கட்டையன் என்று பெயர். ஆறடி உயரம், அதனால் அப்படி வைத்தார்கள். டீசல் திருடன் என்ற பேச்சு ஒருமுறை ஒட்டினால் போதும், எந்த யார்டிலும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். கட்டையனுக்குத் தெரிந்த தொழிலோ ஸ்டீயரிங் ஒன்றுதான்.

"நான் தொடல சார்" என்றான். "ராத்திரி நிறுத்தினா, அதுவா ஸ்டார்ட் ஆகுது. விடியறப்ப அதுவா நிக்குது."

"அதுவான்னா?"

"அதுவாத்தான் சார்."

"ராத்திரி என்ன குடிப்ப?"

"டீ. நம்பலேன்னா ஒரு ராத்திரி கூட வந்து படுத்துப் பாருங்களேன்."

இதை அவன் தனியாகச் சொல்லியிருந்தால் டாக்டர் இருமித் தப்பித்திருப்பார். சொன்னது நடு யார்டில். யாரோ பின்னாலிருந்து, "டாக்டர் போர்வை எடுத்துக்கங்க!" என்று கத்தினான். அப்புறம் போகாமல் இருக்க முடியுமா?

கிரேன் ஆபரேட்டர் அண்ணே, அவசரப்படாதீர்கள். பேய் யார் என்றுதானே கேட்கிறீர்கள்... சொல்கிறேன்.

அந்த வண்டியைக் கட்டையனுக்கு முன்னால் ஓட்டியவர் ஒரு பெரியவர். குடும்பம் என்று எதுவும் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் தூங்க மாட்டார். எங்கே நிறுத்தினாலும் எஞ்சினை ஓடவிட்டுத்தான் படுப்பார். ஒரு நாள் இதே திடலில் படுத்தார்... எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற லாரிக்காரர்கள் பார்த்தார்கள். எஞ்சின் ஓடுகிறது, அப்படியானால் உள்ளே ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. ஒரு பகல், ஒரு இரவு, இன்னொரு பகல்... டீசல் தீர்ந்து எஞ்சின் நின்ற பிறகுதான் ஒருவர் போய்க் கதவைத் தட்டினார்.

இந்தச் சாவிலிருந்து கம்பெனி ஒரு பாடம் கற்றுக்கொண்டது. நின்ற வண்டியில் எஞ்சின் ஓடினால் டீசல் வீண். அதுதான் பாடம். டாக்டரை வரவழைத்ததே அதற்குத்தான். 'நிறுத்தினால் அணை' என்று அவர் யார்டு முழுக்கப் போர்டு மாட்டினார். கீழே தன் கையெழுத்தையும் அச்சடித்திருந்தார்.

சரி, திடலுக்கு வருவோம்.

டாக்டர் கெட்டிக்காரர். டீசல் டேங்கில் கம்பி விட்டு அளவு குறித்துக்கொண்டு, மூடிக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டார். பேட்டரி வயர் இரண்டையும் கழற்றித் துணி சுற்றிக் கட்டினார். வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "விடியட்டும்பா. உன் பேயைக் கையோட முதலாளிகிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

கட்டையன் ஆறடி உடம்பை மூன்றாக மடித்து முன்சீட்டில் சுருண்டான்.

"பின்னாடி படுக்கை சும்மாத்தானே இருக்கு? அங்க படுக்க வேண்டியதுதானே?"

"நீங்க படுங்க சார். ஓரமா படுங்க."

சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் மெத்தை. டாக்டர் ஏறிப் படுத்தார். டீசல் வாடை. பழைய ரப்பர் வாடை. அதற்கு அடியில் மெல்லிசாக... சவரச் சோப்பு வாசனை. கட்டையனைப் பார்த்தார். அவன் முகத்தில் ஒரு வாரத் தாடி.

வெளியே ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜாவது உறுமும். இங்கே தன் கைக்கடிகாரம் ஓடுவது காதில் விழுந்தது.

ஒரு மணிக்கு... டுக்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் சுற்றுகிற சத்தம் இல்லை. நேராக, டுக்... டுக்... டுக்டுக். தூங்கி எழுந்தவர் இருட்டில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினதுபோல, எஞ்சின் ஓடத் தொடங்கியது. மெத்தை அதிர்ந்தது. டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியவில்லை. முள்ளெல்லாம் பூஜ்யத்தில்.

டாக்டர் டார்ச்சோடு இறங்கினார். போர்வையை இறுகச் சுற்றிக்கொண்டது குளிரினால் என்று முடிவு செய்துகொண்டார். பேட்டரி வயர் கட்டியது கட்டியபடி தொங்கியது. பூட்டு பூட்டியபடி. பானெட்டைத் தூக்கினார். ஃபேன் சுற்றுகிறது.

இப்போது ஒரு சின்ன வைத்தியம் சொல்கிறேன், கேளுங்கள். ஆறு சிலிண்டருக்கு ஆறு குழாயில் டீசல் போகிறது. ஓடும்போதே ஒரு குழாயின் நட்டைக் கழற்றினால் அந்தச் சிலிண்டர் படுத்துவிடும், சத்தம் நொண்டும். நொண்டவில்லையா, வியாதி அந்தச் சிலிண்டரில்தான். டாக்டருக்கு இது கை வந்த கலை.

முதல் குழாயைக் கழற்றினார். நொண்டவில்லை. அட, சிக்கிவிட்டது! டாக்டருக்கு அந்தக் குளிரிலும் முகம் மலர்ந்தது. இரண்டாவதைக் கழற்றினார். நொண்டவில்லை. இரண்டு சிலிண்டரா? பரவாயில்லை, முதலாளியிடம் சொல்ல இன்னும் கனமான விஷயம். மனதுக்குள் பேச்சைத் தயாரித்துக்கொண்டே மூன்றாவது. நொண்டவில்லை. நாலாவதில் பேச்சு நின்றுபோனது. ஐந்தாவதில் ஸ்பேனர் இரண்டு தரம் வழுக்கியது. ஆறாவது...

ஆறும் கழன்றுவிட்டன. டீசல் அவர் ஷூமேல் பீய்ச்சியது. உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நொண்டாமல், தாளம் பிசகாமல்.

"ஆயிலைக் குடிச்சு ஓடியிருக்கும்" என்கிறீர்களா? நானும் பார்த்திருக்கிறேன் அண்ணே. ஆயிலைக் குடித்த எஞ்சின் வெறி பிடித்து அலறும், யாரையும் கிட்டே விடாது. இது முனகிக்கொண்டிருந்தது. சுகமாக.

டாக்டர் வேறென்ன செய்வார்? ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக் கம்பியை எஞ்சின்மேல் ஊன்றினார். கண்ணை மூடினார். இந்தத் தடவை உதட்டைப் பிதுக்கவில்லை.

உள்ளே எஞ்சின் சத்தமே இல்லை. மூச்சு. இழுத்து... விட்டு... இழுத்து... விட்டு. விடும்போது முடிவில் மூக்கில் ஒரு சின்ன விசில். வயதான ஒருவர் அயர்ந்து தூங்கினால் வருமே, அது.

கம்பியை எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். டார்ச் வெளிச்சம் பத்தடி போய்க் கரைந்தது. அதற்கப்பால் மலை வரைக்கும் இருட்டு. ஓடலாம்தான், எங்கே ஓடுவது? அந்தத் திடலில் இருந்த ஒரே சத்தம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இது திடீரென்று நின்றுவிட்டால்... டாக்டருக்கு அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது. கழற்றிய குழாய்களைப் பார்த்தார். பானெட்டைச் சத்தம் வராமல் மூடினார். தூங்குகிறவர் அறைக்கதவைச் சாத்துகிற மாதிரி.

உள்ளே ஏறினார். கட்டையன் கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"படுங்க சார். விடிஞ்சா நின்னுடும்."

"பயமா இல்லையாப்பா?"

"முதல் வாரம் இருந்துச்சு. அப்புறம்... ஆள் தொணைக்கு இருக்கற மாதிரி ஒரு இது."

டாக்டர் மெத்தையின் ஓரத்தில், விழுந்துவிடாத குறையாக, ஒருக்களித்துப் படுத்தார். முதுகுக்குப் பின்னால் இடம் காலி. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு கேபினின் பின்சுவர்ப் பக்கத்தில் மெத்தை ஸ்பிரிங் மெதுவாக முனகியது. யாரோ இவருக்கு இடம் விட்டு, சுவரோரம் தள்ளிப் படுத்தார்கள்.

டாக்டர் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. வெல்டரிடம் பின்னால் ஒருநாள் சொன்னாராம்: "நல்ல சூடாயிருந்துதுடா முதுகுக்கு." எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. கட்டையன் தோளைத் தட்டி எழுப்பும்போது வெயில் வந்திருந்தது. எஞ்சின் நின்றிருந்தது. கழற்றிய குழாய்களுக்கு அடியில் மண் ஒரு கை அகலத்துக்குத்தான் நனைந்திருந்தது. தன் பூட்டைத் தானே திறந்து டேங்கில் கம்பி விட்டுப் பார்த்தார். ஒரு ராத்திரி முழுக்க எஞ்சின் ஓடினால் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைந்திருந்தது.

சனிக்கிழமை. முதலாளி அறை. ஒரு பக்கம் கட்டையன், கையைக் கட்டிக்கொண்டு. எதிரில் டாக்டர். உள்ளதைச் சொன்னால் டாக்டர் பட்டம் போய்ப் பைத்தியக்காரப் பட்டம் வரும். சொல்லாவிட்டால் கட்டையன் நடுத்தெருவில்.

"என்ன டாக்டர், திருட்டுதானே?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். கட்டையனின் கைகளைப் பார்த்தார்.

"எலி" என்றார்.

"எலியா?"

"வயரிங்கைக் கடிச்சிருக்கு. அதனால ராத்திரியில தன்னிச்சையான மின்தூண்டல். அதன் விளைவா ஒரு தொடர் தகனச் சுழற்சி. வெளிநாட்டுல இதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி நடக்குது."

"அவ்வளவு டீசலுமா?"

"சுழற்சி சார்" என்றார் டாக்டர், பரிதாபமாகப் பார்த்து. முதலாளி உடனே புரிந்தவர்போலத் தலையாட்டினார். புரியவில்லை என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் தைரியம் இல்லை. எலிப்பொறி வாங்க உத்தரவாயிற்று. கட்டையனிடம் சாவி திரும்பி வந்தது. வெளியே வந்ததும் கும்பிடப் போனவனை டாக்டர் தடுத்து, "அடுத்த டிரிப் என்னைக்கு?" என்று கேட்டார்.

கட்டையன் இன்றைக்கும் அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறான். மைலேஜ் இன்னும் மூன்றைத் தாண்டவில்லை. 'தொடர் கண்காணிப்பு' என்று சொல்லிக்கொண்டு டாக்டர் முதலில் மாதம் ஒரு ராத்திரி போனார். இப்போது வாரா வாரம் போகிறார். போகும்போது வீட்டிலிருந்து இரண்டு தலையணை எடுத்துக்கொள்கிறார். இரண்டையும் பின்பக்கப் படுக்கையில்தான் போடுகிறார்.

உறைகள் துவைக்க வெல்டர் வீட்டுக்கு வருகின்றன. இரண்டிலும் தலை அழுக்கு இருக்கிறது.