டயருக்கு அடியில் நான்கு எலுமிச்சை

பழைய கார் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சாயத்தைத்தான் தடவிப் பார்க்கிறார்கள், சார். அது தப்பு. கால்மிதியைத் தூக்கித் தரைத் தகட்டைப் பார்க்க வேண்டும். துரு அங்கேதான் தொடங்கும். நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவன் சொல்கிறேன், உங்களுக்கு எப்போதாவது உதவும்.

நீங்கள் கேட்கிற கார் வேலியன்ட் சார்ஜர், எழுபத்திரண்டாம் வருடத்து வண்டி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆரஞ்சு நிறம், இரண்டே கதவு, முன்பக்கம் நீண்டு கிடக்கும். எஞ்சின் உறுமினால் தொழிலாளர் வீட்டு லயத்து நாய்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கோப்பெங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது அதைத் தன் டிரைவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்த டிரைவர் என் அண்ணன் பத்துமலை.

காகிதத்தில் அண்ணன் பெயர்தான். ஆனால் வண்டியை ஓட வைத்தது நான். அவன் எண்ணெய் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டான். ஏறுவான், முடுக்குவான், ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. எனக்கு அது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

1991 அக்டோபர் பன்னிரண்டாம் தேதி அண்ணன் அந்தக் காரிலேயே எல்லை தாண்டித் தாய்லாந்து ஹட்யாய்க்குப் போய்விட்டான், அங்கே ஒருத்தியோடு தொடர்பு இருந்தது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். தோட்டத்தை விற்றுக்கொண்டிருந்த நேரம். பாதி லயம் காலியாகிவிட்டது. ஒருத்தன் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய மகள் தினேஸ்வரிக்கு அப்போது இரண்டு வயது. நானும் என் மனைவி சரளாவும் வளர்த்தோம். அவளுடைய அம்மா, என் அண்ணி கலாதேவி, துக்கத்திலேயே செத்துப்போனாள் என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தோம். சரளாவும் போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது.

தினேஸ்வரி இப்போது ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். போன வருடம் திடீரென்று ஓர் ஆசை. அப்பாவின் காரைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். அவளிடம் இருந்தது ஒரே ஒரு படம். ஒரு வயதுக் குழந்தையாக அந்த ஆரஞ்சு பானெட்மேல் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பழைய கார் பிரியர்களின் ஃபேஸ்புக் குழுக்களில் போட்டாள்.

"கார் கெடைச்சா அப்பா எங்க போனாருன்னு தெரிஞ்சிடும் சித்தப்பா. உங்களுக்குத்தானே அந்த வண்டியப் பத்தி எல்லாம் தெரியும், நீங்களும் வாங்கலா."

போனேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று யோசிப்பாள். தைப்பிங் போனோம், தெலுக் இந்தான் போனோம், பட்டர்வொர்த் வரைக்கும் போனோம். ஏழெட்டு வாரம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் வழி சொன்னேன். கார் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் அது இல்லாத இடங்களுக்குக் கூட்டிப்போவது சுலபமாக இருந்தது. வழியில் அவளுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருவாள். பாவமாக இருக்கும்.

கார் சிம்பாங் பூலாயில் இருந்தது. சுண்ணாம்புக்கல் குவாரி வைத்திருந்த சீன முதலாளி, ஒரு தவுக்கேவுக்கு நான்தான் விற்றேன். அண்ணன் கையெழுத்தை நானே போட்டேன். அதைக் குவாரிக்குள் மட்டும்தான் ஓட்டுவார் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தேன். அதுவரை எல்லாம் சரி.

ஒரே ஒரு இடத்தில் மனசாட்சி குறுக்கே வந்தது. இரத்தம் பார்த்த வண்டியை அப்படியே இன்னொருவர் தலையில் கட்டலாமா? பிள்ளைகுட்டிக்காரர், நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவம் யாருக்கு? அதனால் தோட்ட எல்லையில் இருந்த முனியாண்டி கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோய், நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்து, சேவல் அறுத்து, தோஷம் கழித்துத்தான் சாவியைக் கொடுத்தேன். தவுக்கேவுக்கு ஒரே சந்தோஷம். என்னைக் கற்பூரத் தட்டோடு வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துத் தன் கேமராவில் படம் எடுத்தார். அந்தக் காலத்துக் கேமரா, மூலையில் தேதி விழும்.

தவுக்கே இறந்துவிட்டார். அவருடைய மகன் தினேஸ்வரியின் பதிவைப் பார்த்து அந்தப் படத்தை அனுப்பிவிட்டார். அவள் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அப்பா பன்னண்டாந்தேதியே காரோட போயிட்டாருன்னு சொன்னீங்க. இது பத்தொம்போது சித்தப்பா. நீங்க சூடம் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

நான் கைப்பேசியை வாங்கி, மூலையில் இருந்த தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"அம்மாவோட சாவு சர்டிபிகேட் எங்க? இத்தன வருசத்துல ஒரு தடவகூட நான் அதப் பாத்ததில்லயே."

அதற்குமேல் அவளை அலைய விட மனம் வரவில்லை. அம்மா தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருக்கிறாள், உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய்த் தன் வண்டியில் ஏறினாள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், முதலில் அண்ணன் விஷயம். கியர்பாக்ஸில் எண்ணெய் ஒழுகுகிறது என்று சொல்லி அவனைக் காருக்கு அடியில் படுக்க வைத்தேன். ஜேக் வழுக்கிவிட்டது. இதைத்தான் காலையில் உங்கள் போலீஸ் சார்ஜண்டிடம் சொன்னேன். ஆனால் நான் ஏற்றி வைத்த ஜேக் எதுவும் வழுக்கியதில்லை, சார். என் தொழிலை நான் குறை சொல்ல மாட்டேன். நான்தான் இறக்கினேன். பிறகு பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குக் கொண்டுபோனேன். எந்தக் குட்டை என்று வரைந்து கொடுத்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்டீர்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு கோலாலம்பூருக்குக் குடிபோகிறேன் என்றான் அண்ணன். சரளாவுக்கு மூன்று முறை கரு தங்கவில்லை. தினேஸ்வரி எங்கள் வீட்டில்தான் தூங்குவாள், சரளா ஊட்டினால்தான் சாப்பிடுவாள். பாப்பாவை மட்டும் விட்டுவிட்டுப் போ என்று அவன் கையைப் பிடித்துக் கேட்டேன். சிரித்தான்.

"ஆசையா இருந்தா நீயும் ஒண்ணு பெத்துக்கலா."

பெற்றுக்கொள்ள முடியாதவனிடம் சொல்கிற பேச்சா அது? நீங்களே சொல்லுங்கள்.

அண்ணி என்மேல் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அதுதான் சிக்கலை எளிதாக்கியது. கோயிலுக்குக் கொண்டுபோகும் வரை காரைத் தோட்டத்துக் கோடியில், ரப்பர் உலர்த்தும் காலியான புகைக்கூடத்தில் மறைத்து வைத்திருந்தேன். எஞ்சினைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது, அதனால் தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஓட விடுவேன். அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்திருக்கிறது. "தம்பி, அவரு காரு சத்தம் கேக்குது, அவரு இங்கதான் எங்கயோ இருக்காரு" என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னாள். சாப்பிடுவதில்லை, தலை வாருவதில்லை, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஓடி ஓடித் தேடினாள். பார்த்தவர்களே பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள். கார் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று டாக்டர் என்னிடம் நல்லபடியாகத்தான் விசாரித்தார். இல்லை என்றேன். அவளை மருத்துவமனையில் சேர்க்கும் தாளில், குடும்பத்தார் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை கச்சாங் கடலை வாங்கிக்கொண்டு போவேன். இரண்டாம் வருடம் அவள் தெளிந்துவிட்டாள். வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்றார்கள். அன்றைக்கு அவள் தலை வாரி, பொட்டு வைத்து, துணிகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாப்பா என்ன தேடுதா தம்பி? என்ன ஞாபகம் இருக்கா அதுக்கு?" என்று கேட்டாள்.

வீட்டில் பாப்பா சரளாவை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அதனால் பாப்பா காய்ச்சலில் இறந்துபோய்விட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். மெதுவாக, பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் மடியிலிருந்த துணி கீழே விழுந்தது. அதற்குப் பிறகு டாக்டர் கேட்ட எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும் பேச்சும் நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம் ஆகிறது.

நேற்று தினேஸ்வரி அங்கே போய் அண்ணி காலடியில் உட்கார்ந்து, நான்தான்மா உன் மகள் என்று அழுதாளாம். அண்ணி அவள் தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு வாயையும் திறந்திருக்கிறாள். "என் பிள்ள செத்துப்போச்சும்மா. தம்பி வந்து சொன்னுச்சு. தம்பி பொய் சொல்லாது."

அதை என்னிடம் சொல்லிவிட்டுத் தினேஸ்வரி தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கோ, உண்மையைச் சொன்னால், மனது நிறைந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் இன்னும் ஒருத்தியாவது என்னை நம்புகிறாள், சார்.