மூன்று பேர் நனையாத குடை

அந்த ஃபிளாப்பிக்கு நான் கொடுத்த விலை ஒரு குடை. நல்ல குடைதான், இன்ஸ்பெக்டர் ஐயா. மரப்பிடி போட்டது, பெரியது. அடைமழையிலும் மூன்று பேர் நெருக்கியடிக்காமல் போகலாம். என் நண்பன் தளபதியின் மனைவி காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் குடும்பத்தில் எதையும் சும்மா வாங்கிப் பழக்கமில்லை. சும்மா வந்த சாமானுக்கு என்றைக்காவது யாராவது விலை கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"எதுக்குண்ணா இதெல்லாம்?" என்றாள்.

"இருக்கட்டும் தங்கச்சி. பிள்ளைங்க நனையும்" என்றேன்.

வாங்கிக்கொண்டாள். பேரம் முடிந்தது.

நீங்கள் கோப்பை மூடிவிட்டீர்கள் என்று தெரியும். 'தளம் இற்று விழுந்த விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு சொல்லில் இரண்டு சரி. மற்ற இரண்டைத் திருத்திக்கொடுக்கத்தான் வந்தேன். அவசரமில்லை, டீயைக் குடித்துவிட்டு எழுதுங்கள்.

அந்தக் கட்டடம் முன்பு என் அப்பாவுடையது. கீழே பெயிண்ட் மொத்தக் கடை, மேலே மரத்தளம் போட்ட ஒரு நீள அறை. கடைக் கணக்குக்கு என்று அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அந்த அறையின் கடைசியில் வைத்தார். கணக்கு மூன்று நாள் ஓடியது. பிறகு கணக்குப்பிள்ளை தன் நோட்டுக்கே திரும்பிவிட்டார். கம்ப்யூட்டர் எனக்கும் என் தம்பிக்கும் நண்பர்கள் இருவருக்கும், ஆக எங்கள் நால்வருக்கு வாய்த்தது. எனக்கு அப்போது பதினேழு வயது.

நாங்கள் விளையாடியது இப்போது வருகிற விளையாட்டுகளைப் போல ஒருத்தன் ஓடிக்கொண்டே சுடுகிற சமாசாரம் இல்லை. நான்கு பேர் கொண்ட ஒரு படை. ஆளுக்கு ஒரு முறை வரும். முறை வந்தவன் யோசிப்பான், மற்ற மூவரும் அவன் காதில் ஓதுவார்கள், சண்டை போடுவார்கள், பிறகுதான் ஒரு அடி எடுத்து வைக்க முடியும். ஒரு குகையைக் கடக்க இரண்டு வாரம் ஆகும். வழிகாட்டப் புத்தகம் கிடையாது. கட்டம் போட்ட தாளில் நாமே வரைபடம் வரைய வேண்டும். என் தம்பி வரைவான். என்னைவிட ஒரு வயது இளையவன். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஒரு பொறியாளர் தோரணையில் வரைவான். ஆள் ஒல்லியாக இருப்பான் என்பதால் அவனுக்கும், அவனுடைய மந்திரவாதிக்கும் குண்டூசி என்று பெயர்.

விசைப்பலகையில் உட்காருகிறவன் தளபதி. கேடயம், வாள், முன்வரிசை எல்லாம் அவனுடையது. காயத்துக்கு மருந்து போடுகிறவன் வைத்தியன். இப்போது உண்மையாகவே மருந்துக் கடை வைத்திருக்கிறான். நான் திருடன். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு வேறு எந்த வேஷம் கொடுப்பார்கள்? செத்த ராட்சசனின் கோடாரியைச் சந்தையில் விற்பது என் பொறுப்பு. அந்த விளையாட்டில் பேரம் பேச வழியில்லை. இருந்தாலும் நான் திரையைப் பார்த்து, "என்னய்யா விலை இது, ராட்சசன் கேட்டா அழுவான்" என்பேன். குண்டூசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

திருடனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கதவுக்குப் பின்னால், தரைக்கு அடியில் பொறி இருக்கிறதா என்று அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் தளபதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவான்.

"திருடா, பாரு" என்பான்.

நான் பார்ப்பேன். "சுத்தம். போ" என்பேன்.

நான் சொல்லாமல் அவன் ஒரு கட்டம்கூட நகர்ந்ததில்லை. வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சாலையைக் கடக்கும்போது கேட்பான். வீடு வாங்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். கல்யாண மேடையில் ஏறுமுன், மணப்பெண் எதிரிலேயே கேட்டான். அத்தனை பேர் முன்னால் நான் "சுத்தம்" என்றேன். தங்கச்சி அன்றைக்கு என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அந்த விளையாட்டில் படையில் ஒருத்தன் வேண்டாம் என்றால் அனுப்பிவிடலாம். காட்டுவழியில் அனுப்பினால் நடந்து மறைந்துவிடுவான், போனவன் போனவன்தான். சத்திரத்துக்குள் வைத்து அனுப்பினால், எத்தனை நாளானாலும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பான்.

கடைசிக் குகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் இருந்தது. பத்தாவது நாள் தம்பி இல்லை. எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் தளபதியும் நின்றோம்.

"அண்ணா, என் மந்திரவாதி ஒரே அடியில செத்துடுவான். அவன சாக விட்டுடாதீங்க" என்றான்.

"விடமாட்டோம்டா" என்றேன். தளபதி தலையை மட்டும் ஆட்டினான்.

ஒரு மாதம் நான் மாடிப் பக்கம் போகவில்லை. பிறகு போனேன். தளபதி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் வெற்றி அறிவிப்பு. கடைசிக் குகை முடிந்திருந்தது. படையில் மூன்று பேர் பழைய ஆட்கள். நாலாவது இடத்தில், கூலிக்குப் பிடித்த ஒரு வில்லாளி.

"குண்டூசி எங்கடா?" என்றேன்.

"அனுப்பிட்டேன்டா. அவன வெச்சுக்கிட்டு அந்தக் குகைக்குள்ள போக முடியாது." முகத்தைத் திருப்பவில்லை.

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். என் தம்பி விட்டுப்போனதில் அசைகிறது, பேசுகிறது, முறை வந்தால் யோசிக்கிறது என்று இருந்தது அது ஒன்றுதான். அதை அவன் ஒரு விளையாட்டில் ஜெயிப்பதற்காகக் காட்டில் இறக்கிவிட்டான் என்று புரிந்துகொண்டேன். சண்டை போடவில்லை. கோபத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் முதல் நாள் அடிமாட்டு விலைக்குத்தான் போகும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நல்ல விலை வரும்வரை வைத்திருப்பது என்று முடிவு செய்தேன். இருபத்தேழு வருடம் அவனுக்கு நல்ல நண்பனாக இருந்தேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை. அவன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

இந்த வருடம் அவன் எனக்கும் வைத்தியனுக்கும் போனில் ஒரு செய்தி போட்டான். பழைய நாட்களைப் பற்றி நீளமாக எழுதியிருந்தான். அந்தப் பச்சை எழுத்து, விசிறிச் சத்தம், வரைபடத் தாள், எல்லாம் இருந்தது. கடைசி வரி: 'அந்த வில்லாளி மட்டும் இல்லேன்னா நாம செத்தோம்டா.' பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று.

நான் பழைய கட்டடங்களை வாங்கிப் பிரித்து மரத்தையும் இரும்பையும் விற்கிற தொழில் செய்கிறேன். அப்பா நொடித்தபோது கைமாறிய அந்தப் பெயிண்ட் கடை, அந்த மாதம்தான் இடிக்க என் கைக்கு வந்திருந்தது. மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சாக்கு போர்த்தி அப்படியே இருந்தது. நான் பதில் எழுதினேன்: 'ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. பழைய இடம். இடிக்கறதுக்குள்ள ஒரு தடவ ஆடிப் பாத்துடுவோம்.'

தளம் இற்றுப்போகவில்லை, ஐயா. நல்ல தேக்கு, இன்னும் நூறு வருடம் தாங்கும். அறையின் நடுவில் ஆறடி நீளத்துக்கு அடியில் இருந்த விட்டங்களை நான்தான் அறுத்து எடுத்தேன். பிரிக்கிற வேலை நடக்கிற இடம் என்பதால் அறுபட்ட விட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நீங்களும் பார்க்கவில்லை. பலகைகளை மேலே பரப்பி ஒரு பாய் போட்டேன். படியில் கட்டியிருந்த சிவப்பு எச்சரிக்கை நாடாவை அன்று மதியம் அவிழ்த்து வைத்தேன். கம்ப்யூட்டரைத் துடைத்து ஓட விட்டேன். பச்சை வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் தம்பியின் முகத்தைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தளபதி கால்மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான். படியேறும்போதே மூச்சு வாங்கியது, வாய் ஓயவில்லை.

"டேய் திருடா, உனக்கு ஒன்னு கொண்டாந்திருக்கேன்." சட்டைப்பையைத் தட்டினான். "இதுக்கு மட்டும் விலை பேசுனே, உதைப்பேன்."

"பாக்கலாம், பாக்கலாம். உள்ள வா" என்றேன். நான் சுவரை ஒட்டி நின்றிருந்தேன்.

வாசலில் நின்று பச்சைத் திரையைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. பிறகு இரண்டு கையையும், விசைப்பலகையிலிருந்து எடுக்கிற மாதிரியே, தூக்கினான்.

"திருடா, பாரு."

இந்த இடத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவனைத் தள்ளவில்லை. இழுக்கவில்லை. கூப்பிடக்கூட இல்லை. கேட்டான், வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"சுத்தம். போ."

கீழே கடையின் கல் தரை. இருபது அடி. நான் இறங்கிப் போனபோது உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. காலி பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வைத்தியன... கூப்பிடுடா" என்றான்.

விளையாட்டில் ஒருத்தன் விழுந்தால் பத்துச் சுற்று அவகாசம் உண்டு. அதற்குள் வைத்தியன் வந்து கை வைத்தால் எழுந்துவிடுவான். அதை அவனுக்கு நினைவுபடுத்தினேன். அப்போது என் போன் அடித்தது. வைத்தியன்தான்.

"மாப்ள, முனையில நிக்கிறேன். எதாவது வாங்கிட்டு வரணுமா?"

"ஐஸ் வாங்கிட்டு வாடா. நல்ல ஐஸ் மார்க்கெட்லதான் கிடைக்கும். நிதானமா வா, ஒன்னும் அவசரமில்ல."

தளபதி அதைக் கேட்டான். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கை மட்டும் மெல்ல நகர்ந்து சட்டைப்பை மேல் வந்தது. "சத்திரத்துல..." என்றான். பிதற்றுகிறான் என்று நினைத்தேன். அதுதான் அவன் கடைசி வார்த்தை. வைத்தியன் வருவதற்குள் சிவப்பு நாடாவைத் திரும்பக் கட்டிவிட்டேன். அவன் ஐஸ் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நெஞ்சை அழுத்து அழுத்தென்று அழுத்தினான். நானும் அழுதேன். பொய்யாக இல்லை.

பதினோராம் நாள் தங்கச்சி என் கடைக்கு வந்தாள். நீங்கள் திருப்பிக் கொடுத்த சாமான்களில் ஒன்றை நீட்டினாள். "இத உங்களுக்குன்னுதான் எடுத்து வெச்சிருந்தாரு. நாலு வீடு மாறியும் இத மட்டும் தொலைக்கல." ஓரம் விரிசல் விட்ட ஃபிளாப்பி, அந்தக் காலத்தில் விளையாட்டைப் பதிந்து வைக்கிற தகடு. மேலே ஒட்டிய காகிதத்தில் பதினேழு வயதுத் தளபதியின் கோழிக் கிறுக்கல்: 'குண்டூசி. அழிக்காதே.'

அவளுக்குக் குடையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மாடியிலிருந்து என் கடைக்குக் கொண்டுவந்திருந்த அந்தக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். சத்திரம் வந்தது. அடுப்புப் பக்கத்தில் கூம்புத் தொப்பி போட்ட ஒல்லி உருவம். சுட்டினால், 'நீங்கள் வரும்வரை இங்கேயே இருப்பேன்' என்றது. உயிர்ப்புள்ளி முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. பையைத் திறந்தேன். படையிலிருந்த மருந்து அத்தனையும் அதில் இருந்தது. அடியில் ஒரு பெரிய கேடயம். மந்திரவாதியால் கேடயம் தூக்க முடியாது. அது தளபதியுடையது. அதைக் கழற்றி இவனிடம் வைத்துவிட்டுத்தான் கடைசிக் குகைக்குப் போயிருக்கிறான்.

எங்கள் வீட்டில் ஒரு சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கை வைக்கமாட்டார்கள். எங்கே அனுப்பினாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனும் சொல்லவில்லை. இருபத்தேழு வருடம் சட்டைப்பையிலோ பெட்டியிலோ வைத்துக்கொண்டு, எனக்கு வலிக்கும் என்று பொத்தி வைத்திருந்தான் போலும். அன்று முகத்தைத் திருப்பியிருந்தால் ஒருவேளை எனக்குத் தெரிந்திருக்கும். முதுகைப் பார்த்து யார் என்ன கண்டுபிடிக்க முடியும், சொல்லுங்கள்.

ஆகவே கணக்கை இப்படி எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கொலை முழுக்க என் பேரில். அதில் நான் பேரம் பேசவில்லை. காரணத்தில் பாதியை அவன் பேரில் எழுதுங்கள், அதுதான் நியாயம். வைத்தியனுக்கு ஐஸ் காசு நான் தர வேண்டும், இன்னும் தரவில்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அணைக்க வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். சத்திரத்தில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். தங்கச்சிக்கும் எனக்கும் பாக்கி எதுவும் இல்லை. அவளும் இரண்டு பிள்ளைகளும். இப்போது மூன்று பேர்தானே. அந்தக் குடை சரியாக இருக்கும்.