குதிக்கும் முன் விடுவிக்க வேண்டும்

வளர்ப்பு மிருகத்தை வைத்து விளையாடுகிறவர்களில் பாதிப் பேர் அதற்கு ஒழுங்காகச் சாப்பாடு போடுவதில்லை. சண்டையில் அது சுணங்கும்போது மட்டும் திட்டுவார்கள். நான் அப்படி இல்லை. ‘மூடுபனி ராஜ்யம்’ என்ற இணைய விளையாட்டில் என் வேடன், டோஃபி என்ற சாம்பல் ஓநாயோடு சுற்றுகிறவன். டோஃபிக்கு மான் இறைச்சி போட்டுவிட்டுத்தான் வில்லைத் தொடுவேன். திருப்தியாக இருக்கும் மிருகம் கூடுதல் பலத்தோடு கடிக்கும்; அந்த விளையாட்டின் கணக்கே அப்படி. இதைப் பற்றி நான் எழுதிய குறிப்புகளை ஆக்லாந்திலும் பெர்த்திலும் முகம் தெரியாத எத்தனையோ பேர் படித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் விளையாடுவதில்லை என்று சொன்னீர்கள். பரவாயில்லை. நோரீனின் விஷயத்துக்கு வருவதற்கு இதைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மிருகம் எதற்கு? அரக்கனின் கண் அதன்மேல் விழுவதற்கு. ஓநாய் உறுமிக்கொண்டு முன்னால் போய் அடி வாங்கும். வேடன் தள்ளி நின்று அம்பு விடுவான். நிலைமை கைமீறினால் வேடனுக்கு ஒரு வித்தை உண்டு. செத்ததுபோல் கீழே படுத்துவிடலாம். அரக்கன் அவனை விட்டுவிட்டு ஓநாயைக் கிழிப்பான். எல்லாம் அடங்கியதும் எழுந்து, ஓநாயை மறுபடி உயிரோடு அழைத்துக்கொள்ளலாம். இதில் கல்நெஞ்சம் ஒன்றும் இல்லை. அது வரும், வாலை ஆட்டும், பழையபடி கூடவே நடக்கும். தேவைப்படாத நாளில் அதை லாயத்தில் கட்டிவிட்டுத் தனியாகவும் போகலாம்.

ராய்டன் விளையாட்டில் எங்கள் படையில் சேர்ந்த முதல் வாரமே எங்கள் எல்லோரையும் சாகடித்தான். புது வேடர்கள் செய்கிற தவறுதான். கோட்டைச் சுவரிலிருந்து நாங்கள் கீழே குதித்தோம். மனிதர்கள் குதிக்கலாம், மிருகம் குதிக்காது. அதனால் குதிப்பதற்கு முன் அதை விடுவித்துவிட்டு, கீழே போய்க் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். ராய்டன் மறந்துவிட்டான். அவனுடைய கரடி எசமானைத் தேடிக்கொண்டு, வந்த வழியே திரும்பி, படிக்கட்டுகளில் இறங்கி, ஒவ்வொரு அறையாகப் புகுந்து சுற்றுவழியில் வந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது கோட்டைக் காவலர்கள் அத்தனை பேரும் அதன் பின்னால் இருந்தார்கள்.

எங்கள் படைத்தலைவன் பெவன், பக்கத்து ஊரான டெவன்போர்ட்டில் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்; காதொலிக் கருவியில் கத்தினான்.

“யாருடா அந்தக் கரடிக்கு அப்பன்? மண்டைல மூளை வெச்சிருக்கியா, இல்ல அதையும் லாயத்துல விட்டுட்டு வந்துட்டியா?”

“சாரிண்ணே. மறந்துட்டேன்.”

“மறந்துட்டானாம். ஒரு சாயங்காலமே போச்சுடா உன்னால.”

எல்லோரும் போன பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். “விடு, எல்லாரும் பண்றதுதான். உன் கரடியப் பாத்தேன், நல்லா அடிக்குது. நான் சொல்லித் தர்றேன்” என்றேன். “தல, என்கிட்ட யாரும் இப்பிடிப் பேசினதே இல்ல” என்றான். அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

அவனும் எங்கள் கடற்கரை ஊரான பர்னியில்தான் இருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது. மீன் பதப்படுத்தும் கூடத்தில் சால்மன் மீனை வெட்டிச் சுத்தம் செய்கிற வேலை. வீட்டுவண்டிகளை நிறுத்திக் குடியிருக்கிற கேரவன் பூங்காவில் ஒரு பழைய வண்டியில் தனியாக இருந்தான். வியாழன்தோறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். முப்பது வயதுக்குமேல் இருக்கும், ஆனால் கதவைத் தட்டிவிட்டு நாலடி பின்னால் போய் நிற்பான். நோரீன் அவனை உள்ளே இழுத்து உட்காரவைத்து, சிப்பிக்கறி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரியைத் தட்டில் போடுவாள். நோரீன் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. அதன் பின்னறைக்கு நான் குடிவந்தபோது என் தலையில் ஒரு வெள்ளைமுடி கிடையாது. என் மேசை, என் திரை, என் நாற்காலி எல்லாம் அங்கேதான். வேறெங்கும் எனக்கு ஒன்றும் இல்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ராய்டனை நான் கெடுக்கவில்லை. பாராட்டினேன், அவ்வளவுதான். ஆனால் எப்போதும் பாராட்டக் கூடாது. சில நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அடுத்த நாள் இரண்டு மடங்கு உழைப்பான். விறகு பிளந்து அடுக்கினான். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தான். ஒரு தடவை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற சத்தத்தில் விளையாடவே முடியவில்லை என்று சும்மா சொன்னேன். அடுத்த வாரம் அது குரைக்கவில்லை. ராய்டன் வந்து கதவருகே நின்றான். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, நின்றுகொண்டே இருந்தான். நான் “நல்லா செஞ்ச” என்றேன். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த நாய்க்காரர்கள் இரண்டு நாள் தெருவெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தார்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு நோரீன் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னாள். அவள் மகள் லீயன் கடல் தாண்டி ஜீலாங்கில் இருக்கிறாள், அங்கே போய்விடுவதாக ஏற்பாடு.

“உன்னையும் நடுத்தெருவுல விடல கண்ணு. மேட்டுப்பக்கம் நகராட்சி வீடு ஒண்ணு, பேசி வெச்சிருக்கேன். வெயில்கூட வருது.”

“அங்க இன்டர்நெட் லைன் சரியா வராது நோரீன்.”

“என்ன லைனு? அட போப்பா. ஜன்னலத் திறந்து கடலப் பாரு. இத்தனை வருஷமா பர்னில இருக்க, கரைக்கு வர்ற பென்குயினுக்குக்கூட உன்னைத் தெரியாது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை, உட்கார்ந்து யோசித்தேன். லீயனுக்கு அந்த வீட்டின்மேல் அக்கறை கிடையாது. கணப்பை மூட்டி, ஒழுகலை அடைத்து ஒருவர் பார்த்துக்கொண்டால் அப்படியே விட்டுவைப்பாள். விற்பதில் குறியாக இருந்தது நோரீன் ஒருத்திதான்.

ராய்டனிடம் மறைக்க என்ன இருக்கிறது, சொன்னேன்.

“வீட்ட வித்துட்டா வியாழக்கிழமையெல்லாம் கிடையாது ராய்டன். நீ இங்க வரவும் முடியாது.”

“அவங்க விக்காம இருந்தா?”

“அவங்க இருக்கிற வரைக்கும் அதே நெனப்புதான்.”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே மழை.

“பின்படி வழுக்குது தல. பாசி. கோழி அடைக்கப் போறப்ப பாத்துப் போங்கன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன் அவங்ககிட்ட.”

“ஆமா. வழுக்கத்தான் செய்யுது.”

எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். இதில் குற்றம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று நீங்களே காட்டுங்கள். அதன் பிறகு, எப்போது முன்னே போக வேண்டும் என்று எசமான்தான் முடிவு செய்ய வேண்டும், மிருகம் தானாகப் பாயக் கூடாது என்று பொதுவாக ஒரு பாடம் சொன்னேன். அது என் குறிப்புகளிலேயே இருக்கிறது.

அந்த வியாழன் நாங்கள் சதுப்பு அரக்கனோடு மோதிக்கொண்டிருந்தோம். எல்லோரும் ஒரே குரல்வழியில் பேசிக்கொண்டிருந்தோம். ராய்டனும் கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான், விளையாடவில்லை. வெளிச்சம் மங்கி வந்தது. சமையலறையில் நோரீன் ரப்பர் பூட்ஸை மாட்டுகிற சத்தம் கேட்டது. பின்கதவு திறந்தது. நான் வாய்விட்டு, “போ, டோஃபி” என்றேன்.

“என்ன நெவில், ஓநாய்கூட பேசவே ஆரம்பிச்சிட்டியா? கல்யாணம் எப்ப?” என்றான் பெவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு சண்டை தோற்கிற மாதிரி ஆனது. நான் என் வேடனைச் செத்ததுபோல் படுக்கவைத்தேன். திரையில் சேறும் மழையும். காதில் கோழிகளின் சத்தம் வந்துகொண்டே இருந்தது, அவற்றை யாரும் அடைக்கவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் போய்ப் பார்த்து, ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். நோரீன் படிக்குக் கீழே இருந்தாள். ஒரு பூட்ஸ் மேலேயே நின்றிருந்தது.

மருத்துவர், தவறி விழுந்து இறந்திருக்கிறாள் என்றார். லீயன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அம்மாவ நீங்கதான் கூட இருந்து பாத்தீங்க, இங்கயே இருங்க” என்றாள். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. நிம்மதியாக இருந்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

தவறு அதன் பிறகுதான் நடந்தது, அது என் தவறு. ராய்டன் தினமும் பேச முயன்றான். அவன் குரலைக் கேட்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. நண்பர் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தேன், எண்ணையும் தடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு வாய் சாப்பாடு போடவில்லை, ‘நல்லா செஞ்ச’ என்றுகூடச் சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான், விடுவிக்காமலே குதித்துவிட்டேன்.

அவன் சுற்றுவழியில் வந்தான். முதலில் படையில் ஒவ்வொருவரிடமும் போனான். “தலைக்கு என்மேல என்ன கோவம்? கேட்டுச் சொல்றீங்களா?” மீன் கூடத்தில் மேற்பார்வையாளரிடம் கேட்டான். கோழிகளை எடுத்துப்போன நாய்க்காரர் வீட்டிலும் போய் நின்றான். பெவனுக்கு ஏதோ உறைத்து, அவனை லாரியில் ஏற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டிருக்கிறான். கடைசியில் லீயனிடமே போய், “அவர் சொன்ன மாதிரிதான் செஞ்சேன். வலிக்காமத்தான் செஞ்சேன். அப்புறம் ஏன் பேச மாட்டேங்கிறாரு?” என்று கேட்டானாம்.

நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழையில் ராய்டன் முன்னால் வந்தான். அவன் பின்னால் லீயன், பெவன், நாய்க்காரர், நீங்கள், உங்கள் காவலர்கள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “தல, கண்டுபிடிச்சிட்டேன்” என்றான்.

பெவன் உங்களிடம் சொன்னது சரிதான். ஓநாயை ஏவ நான் ஒரு விசையைத்தான் அழுத்துவேன், வாயால் சொன்னதே கிடையாது. அன்றைய சண்டையில் டோஃபி என் பக்கத்தில் இருக்கவும் இல்லை. அது லாயத்தில் இருந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

ஆனால் இதையும் எழுதுங்கள். நான் அவளைத் தொடவில்லை. ராய்டன் வளர்ந்த ஆள், அவனுக்குச் சொந்த புத்தி உண்டு, செய்தது அவன் சொந்த முடிவு. நான் அவனை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை.

பக்கத்து அறையில் நேற்றிலிருந்து அவன் எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்த ரொட்டியை மறுபடி அவன் முன்னால் வையுங்கள். நான் சாப்பிடச் சொன்னேன் என்று சொல்லுங்கள், அப்போதுதான் சாப்பிடுவான்.