மூட்டைக்கு என் பேரு

எழுபதுகளில் ஒரு மத்தியானம், சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு மீனவர்கள். ஜன்னலோரம் இருந்த மெலிந்தவர் சொன்னார்:

“நேத்து நான் கடல்ல வுயுந்துட்டேன். நானே நின்னு பாத்துகினு இருந்தேன்.”

“இன்னா அண்ணாத்த, கனா கண்டியா?”

“கனா இல்லடா. நான் குண்டா இருந்தப்போ, காத்துல கட்டுமரம் சாயாம என்னைத்தான் ஓரமா குந்த வெப்பாங்கோ. பட்டணத்து ஆசுபத்திரில குடலை அறுத்து உடம்பைக் கொறைச்சாங்கோ இல்ல? எட்டு வருசமா நான் மரத்துல நடுவுல, என் எடத்துல ஒரு மணல் மூட்டை. அதுக்கும் என் பேருதான்.”

“அதான் தெரியுமே.”

“நேத்து அலையில அது போயிடுச்சி. பச்சைத் தண்ணில மெதுவா எறங்குது. ‘ஏழுமலை, ஏழுமலை’ன்னு எல்லாரும் கத்தறானுங்கோ.”

“நீ இன்னா பண்ணே?”

“நானுந்தான் கத்தினேன்.”