கோல் அடிக்கிற மகள்

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அம்மாவும், ஹாக்கி மட்டையோடு அவர் மகளும். அருகில் நின்ற அவளது கோச் அம்மாவிடம் சொன்னார்: “இவ கோல் அடிக்கிறதுதான்க்கா எனக்குப் பயமா இருக்கு.”

“ஏன் சார்?”

“பந்து தானா இவகிட்ட வருது, தட்டி விட்டுர்றா. பெரிய டீம்ல அப்படி விடமாட்டாக.”

“அப்ப மதுரை செலக்சனுக்குக் கூட்டிட்டுப் போகவா, தேனியில நர்சிங் சேக்கவா? ரெண்டுக்கும் இன்னைக்குத்தான கடைசி.”

“எனக்கே தெரியலக்கா.”

அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே வந்தார். சின்னமனூர் தாண்டியதும் மகள் நிமிர்ந்தாள்.

“பந்து தானா வரல சார். அது வரப்போற எடத்துக்கு நான் முன்னாடியே ஓடிர்றேன்.”

தேனியில் இறங்கியதும் அம்மா கண்டக்டரிடம் கேட்டார்: “மதுரை பஸ்ஸு எங்கன நிக்கும்?”